குறுக்குக் கட்டு

எனக்கு அப்போது மூக்கின் மேல் கோபம். பிரிக்ஃபீல்ட்ஸில் ரயில்வே கூலிகள் குடியிருந்த லயங்களுக்குப் பின்னால் இருந்த தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் நான் வேலைக்குச் சேர்ந்த அன்று, பெற்றோர்கள் விசாரித்ததும் அதைத்தான். "வாத்தியாரே, அடிப்பீங்கல்ல?" என்றார்கள். அடிப்பேன் என்றேன். நிம்மதியாக வீட்டுக்குப் போனார்கள்.

அடிக்காத வாத்தியாரை அவர்கள் நம்பத் தயாராக இல்லை. வேலை செய்யும் இடத்தில் துரை பூட்ஸ் காலால் உதைத்தான். கூலிகளை மேய்க்கும் மண்டோர் பிரம்பால் சாத்தினான். வாங்கியதையெல்லாம் அவர்கள் சாயங்காலம் வீட்டுக்குக் கொண்டுவந்து பெண்டாட்டி முதுகில் இறக்கினார்கள். அவள் பிள்ளையைச் சாத்தினாள். பிள்ளை மறுநாள் என் வகுப்பில் பக்கத்துப் பிள்ளையைக் கடித்து வைத்தது. நான் இரண்டையும் வெளுத்தேன். லயத்தில் சண்டை இல்லாத மாலை ஒன்றை நான் பார்த்த நினைவில்லை.

எனக்கு க்ஷேத்திரகணிதத்தின் மேல் ஒரு பைத்தியம் இருந்தது. கோணம், முக்கோணம், வட்டம் என்று இப்போது பிள்ளைகள் படிக்கிறார்களே, அதற்கு அன்று அந்தப் பெயர். பாடத்திட்டத்தில் அது ஒப்புக்குத்தான் இருந்தது. தண்டவாளத்தில் கல் உடைக்கப் போகிற பிள்ளைக்கு முக்கோணம் எதற்கு என்று மேலே இருந்தவர்கள் நினைத்திருப்பார்கள். அந்த நினைப்பே எனக்கு எரிச்சலைக் கிளப்பியது. அதனாலேயே வீம்புக்குச் சொல்லிக்கொடுத்தேன்.

முதல் பாடமே கூத்தாகிவிட்டது. கரும்பலகையில் ஒரு முக்கோணத்தை வரைந்து, கீழ்க்கோட்டைப் பிரம்பால் தட்டி, "இது எத்தனை அடி?" என்று கேட்டேன். முன்னால் இருந்த பையன் எழுந்து வந்து உள்ளங்கையை நீட்டினான். அவனுக்கு அடி என்றால் ஒன்றுதான். எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு நெடுநேரம் யாரையும் அடிக்கத் தோன்றவில்லை.

பலகையை விட்டுவிட்டேன். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கிள்ளான் ஆற்றின் ரயில் பாலத்தடிக்குப் போனேன். அவர்களுடைய அப்பன்மார் கட்டிய பாலம் அது. மேலே நீளச் சட்டம், கீழே நீளச் சட்டம், நடுவில் சாய்ந்து சாய்ந்து நின்ற இரும்புகள். ரயில் ஒன்று எங்கள் தலைக்கு மேல் தடதடத்துக்கொண்டு போனது. காலடி மண் நடுங்கியது. பாலம் அசையவில்லை.

"ஏன் விழல?" என்று கேட்டேன்.

நான்கு குச்சிகளை மூலைக்கொரு ஆணியாக அடித்துச் சதுரமாக்கி மணலில் நிறுத்தினேன். "உதை" என்றேன். இந்தப் பாடம் அவர்களுக்குப் பிடித்துவிட்டது. ஒரே உதையில் சதுரம் சப்பையாகப் படுத்தது. மறுபடி நிமிர்த்தி, ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்கு இன்னொரு குச்சியை அடித்தேன். "இப்போ உதை." உதைத்தார்கள். ஏறி மிதித்தார்கள். கடைசியில் ஒரு குச்சி முறிந்ததே தவிர, சட்டம் படுக்கவில்லை. முக்கோணம் உடையும், ஆனால் கோணாது என்றேன். தொண்டை கிழியக் கத்திச் சொன்னேன், அவ்வளவு சந்தோஷம் எனக்கு.

மூலைக்கு மூலை போகிற அந்தக் குச்சிக்கு என் புத்தகத்தில் கர்ணம் என்று பெயர். அதைச் சொன்னதும் இரண்டு பயல்கள் மணலில் குட்டிக்கர்ணம் போட்டுக் காட்டினார்கள். இருவருக்கும் பிரம்பால் கொடுத்துவிட்டு, அவர்களுக்குப் புரிகிற மாதிரி வேறு பெயர் வைத்தேன். குறுக்கே போகிறதல்லவா, அதனால் குறுக்கு. அந்தச் சொல் உடனே ஒட்டிக்கொண்டது. அன்றிலிருந்து எதைப் பார்த்தாலும் அதன் குறுக்கைத் தேடினார்கள். தண்ணீர்த் தொட்டியைத் தாங்கும் இரும்புக் கால்களில் குறுக்கு, சிக்னல் கம்பத்துச் சட்டத்தில் குறுக்கு, செங்கல் சூளைக் கூரையின் உத்திரத்தில் குறுக்கு.

எல்லாரையும்விட வேகமாகத் தேடியவள் ஒரு பெண். பன்னிரண்டு, பதின்மூன்று வயதிருக்கும். அவளுடைய அப்பா அந்தப் பாலத்தில் இரும்புகளைச் சேர்க்கும் ரிவிட் ஆணி அடித்தவர். வாய் ஓயாதவள், கேள்வி கேட்டே என்னை ஒரு வழி பண்ணிவிடுவாள். ஒருநாள் பாலத்திலிருந்து திரும்பி வந்து பள்ளிக்கூட வாசலில் நின்றுவிட்டாள்.

"வாத்தியாரய்யா, நம்ம பள்ளிக்கூடத்துக்குக் குறுக்கு எங்கங்க?"

நிமிர்ந்து பார்த்தேன். எங்கள் பள்ளிக்கூடம் ஒரு நீளக் கொட்டகை. பழைய மரத்தூண்களை மண்ணில் புதைக்காமல் செங்கல் மேல் நிறுத்தி, மேலே உத்திரம் போட்டு, கனமான அத்தாப்பு ஓலையால் வேய்ந்திருந்தார்கள். எல்லாம் செங்குத்து, எல்லாம் படுக்கை. சாய்வாக ஒரு துண்டு மரம் கிடையாது. மூலைத்தூணைப் பிடித்து ஒரு உலுக்கு உலுக்கினேன். கொட்டகை முழுக்க முனகியது. கூரையிலிருந்து ஒரு பல்லி என் தோளில் விழுந்தது. பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். தினமும் அவர்களை இதற்குள் உட்காரவைத்துத்தான் முக்கோணம் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

கொட்டகையைக் கட்டியவன் மண்டோர். பள்ளிக்கூடத்துக்குத் தலைவனும் அவனே. அன்று மாலையே அவன் வீட்டு வாசலுக்குப் போனேன்.

"காத்து பலமா அடிச்சா கூரை பிள்ளைங்க தலைமேல படுத்துரும்" என்றேன்.

"இந்த லயத்துல இருக்கிற கொட்டகை பூரா நான் கட்டுனது" என்றான் மண்டோர். "நேத்து கப்பல்ல வந்து இறங்குன பய, எனக்குப் பாடம் எடுக்கிறியா?"

"உங்களுக்கு இல்ல. என் வகுப்புல சின்னப் பொண்ணுக்குத் தெரியுது, உங்களுக்குத் தெரியலன்னுதான் சொல்றேன்."

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். பளீரென்று அறைந்தான். நான் யோசிக்கவில்லை, திருப்பி அறைந்தேன். அவனுடைய ஆட்கள் என்னைத் தரதரவென்று இழுத்துப்போய்ச் சாக்கடையில் தள்ளினார்கள். "இன்னொரு தடவ வாசப்பக்கம் வந்தே, குறுக்க ஒடிச்சிருவேன்" என்று கத்தினான் மண்டோர். அவன் ஊர்ப் பேச்சில் குறுக்கு என்றால் இடுப்பு. மூக்கில் ரத்தம் வழிய, சேற்றில் கிடந்தபடி நான் சிரித்தேன். அதற்கும் ஒரு உதை கிடைத்தது.

அடங்கிப் போகிற ஆள் இல்லை நான். ரயில்வே யார்டில் கழித்துப் போட்டிருந்த பலகைகளைக் கேட்டு வாங்கினேன். பெரிய பிள்ளைகளை வைத்துக்கொண்டு நானே அடிக்கத் தொடங்கினேன். ஒவ்வொரு இரண்டு தூணுக்கும் நடுவில் இரண்டு பலகைகள், ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு, பெருக்கல் குறி மாதிரி. அந்தப் பெண் ஒவ்வொன்றிலும் பலகைகள் வெட்டிக்கொள்ளும் இடத்தைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். நான் ஆணி அடித்தேன். முடிந்ததும் மூலைத்தூணைப் பிள்ளைகள் எல்லாரும் சேர்ந்து தள்ளிப் பார்த்தார்கள். கொட்டகை கல்லு மாதிரி நின்றது. அவள் வீட்டுக்கு ஓடிப்போய், வழியில் பார்த்தவர்களிடமெல்லாம் "எங்க பள்ளிக்கூடத்துக்குக் குறுக்குக் கட்டு கட்டிட்டோம்" என்று சொல்லியிருக்கிறாள்.

அந்த வாரமே அவளுக்குக் குளிர்காய்ச்சல் கண்டது. அந்த மழைக்காலத்தில் லயத்தில் வீட்டுக்கு ஒருவர் சுருண்டு கிடந்தார். மற்றவர்கள் எழுந்துகொண்டார்கள். அவள் எழவில்லை.

சாவுக்குப் போனேன். வாசலில் ஆட்கள் பாடை கட்டிக்கொண்டிருந்தார்கள். இரண்டு நீள மூங்கிலைப் போட்டு அதன் மேல் சின்னக் கழிகளை வைத்தார்கள். கிழவர் ஒருவர், "குறுக்குக் கட்ட இறுக்கிக் கட்டுங்கடா, சின்ன உடம்பு நழுவிரும்" என்றார். அந்தச் சொல் என் நெஞ்சில் குத்தியது. எனக்கு மட்டுமில்லை. அங்கே நின்ற ஒவ்வொருவரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அவளுடைய அப்பா பார்த்த பார்வையை என்னால் தாங்க முடியவில்லை. ஒரு மூலையில் நின்று அழுதுவிட்டு வந்தேன்.

காரியம் முடிந்ததும் கடப்பாரைகளோடு வந்தார்கள். நான் வகுப்பில் இருந்தேன். முன்னால் வந்தவர் அவர்தான், பெண்ணின் அப்பா. பிள்ளைகள் அலறிக்கொண்டு வெளியே ஓடின. முதல் பலகைக்கு அடியில் கடப்பாரையைக் கொடுத்து நெம்பினார். ஆணிகள் கிறீச்சிட்டுக்கொண்டு வெளியே வந்தன. குறுக்கே போய் நின்று அவர் கையைப் பிடித்தேன்.

"அண்ணே, வேணாம். கேளுங்க."

"என்னத்தடா கேக்கச் சொல்ற?" என்று அவர் என் சட்டையைப் பிடித்துத் தூணோடு வைத்து அழுத்தினார். "பாடைக்குத்தான் குறுக்குக் கட்டு கட்டுவாங்க. புள்ளைங்க உக்கார்ற எடத்துக்கு எவனாச்சும் கட்டுவானா? எம் மவ கையாலயே கட்ட வச்சிட்டியேடா பாவி!"

எனக்கு இரக்கத்தைவிடக் கோபம்தான் முந்தியது. "அப்போ நீங்க ரிவிட் அடிச்ச பாலம்? அது முழுக்கக் குறுக்குத்தானே? பாடை மேலயா ரயில் ஓடுது?"

அவர் கை ஒரு நிமிஷம் தளர்ந்தது.

"ஆமாடா, பாடைதான்" என்றார். "அதக் கட்டயில எங்கூட வேல செஞ்சவனுங்க எத்தினி பேரு ஆத்துல வுழுந்தானுங்க, ஒனக்குத் தெரியுமா? ஒவ்வொரு குறுக்குலயும் ஒருத்தன் இருக்கான். நீ கீழ நின்னு புள்ளைங்களுக்கு வேடிக்க காட்டுன."

மண்டோரின் ஆட்கள் என்னைக் கீழே தள்ளி விலாவில் உதைத்தார்கள். மண்டோர் வெற்றிலை மென்றபடி வாசலில் நின்றான். பலகைகளை எல்லாம் பிய்த்து, வெளியே குவித்துக் கொளுத்தினார்கள். தீட்டுப் போக மஞ்சள் தண்ணீர் தெளித்தார்கள். கொட்டகை மறுபடி பழையபடி முனகத் தொடங்கியது. அது எனக்கு மட்டும்தான் கேட்டது போலும்.

அதற்குப் பிறகு பிள்ளைகளைத் தூங்குமூஞ்சி மரத்தடியில் உட்காரவைத்துப் பாடம் நடத்தினேன். மழை பெய்தால் தாய்மார்கள் வந்து என்னைத் திட்டிக்கொண்டே பிள்ளைகளைக் கொட்டகைக்குள் இழுத்துப்போனார்கள். செத்துப்போன பெண்ணுக்கு ஒரு தம்பி இருந்தான். அவனையும் அவன் அம்மா உள்ளே உட்காரவைத்தாள். அப்படி ஒரு மத்தியானம் சுமத்ராப் பக்கமிருந்து காற்று வீசி அடித்தது. கூரை ஒரு பக்கமாகச் சாய்வதை என் கண்ணால் பார்த்தேன். ஒரு தூண் செங்கல்லை விட்டு நகர்ந்தது. உள்ளே பாய்ந்து, பிரம்பை ஓங்கி, கண்மண் தெரியாமல் அடித்துப் பிள்ளைகளை மழைக்குள் விரட்டினேன். சொல்லிக்கொண்டிருக்க நேரமில்லை. முதுகில் தடிப்போடு பிள்ளைகள் வீட்டுக்குப் போனார்கள். காற்று நின்றது, கொட்டகையும் நின்றது.

மண்டோர் வந்து, நகர்ந்த தூணைச் சம்மட்டியால் தட்டித் தட்டிச் செங்கல் மேல் ஏற்றினான். "ஆச்சு, நாளைலேர்ந்து எல்லாரும் உள்ள உக்காருங்க" என்றான். என்னைப் பற்றி முடிவெடுக்க ஞாயிற்றுக்கிழமை கூட்டம் என்றும் சொல்லிவிட்டுப் போனான். என்ன முடிவு என்று எனக்குத் தெரியும். நான் போனபிறகு அந்தப் பிள்ளைகளை அந்தக் கூரைக்கடியிலிருந்து அடித்து விரட்ட யார் இருப்பார்கள்?

ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூட வாசலில் லயமே கூடியிருந்தது. மண்டோர் பேச ஆரம்பித்தான். புள்ளைங்கள மழையில தொரத்தி அடிச்சான், அபசகுனமாக் குறுக்குக் கட்டு கட்டுனான், பெரியவங்க மேல கை நீட்டுனான் என்று அடுக்கினான். நான் எழுந்து கொட்டகைக்குள் போனேன். ஆள் இல்லை. ஒரு நாய் மட்டும் பெஞ்சுக்கடியில் படுத்திருந்தது, அதை உதைத்து வெளியே விரட்டினேன். பிறகு வெளியே வந்து மூலைத்தூணில் தோளைக் கொடுத்தேன்.

"இதுக்குக் காத்து தேவையில்ல" என்றேன். "ஒத்த ஆள் போதும். பாருங்க."

தள்ளினேன், விட்டேன். தள்ளினேன், விட்டேன். ஊஞ்சலை ஆட்டுவது போல அது வரும் போக்கிலேயே தள்ளினேன். மூன்றாவது, நான்காவது தள்ளலில் கூரை ஆடத் தொடங்கியது. யாரோ "புடிங்கடா அவன" என்றார்கள். அதற்குள் தூண்கள் செங்கல்லிலிருந்து நழுவி, எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்தன. கொட்டகை மொத்தமும் பெருஞ்சத்தத்தோடு தரையில் படுத்தது. புழுதியும் எலியும் பறந்தன. கரும்பலகை இரண்டாகப் பிளந்து கிடந்தது. பிள்ளைகள் உட்காரும் பெஞ்சுகளின் மேல் உத்திரம் குறுக்கே விழுந்து, அவற்றைச் சிலாம்பு சிலாம்பாக நொறுக்கியிருந்தது.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு அந்தப் பெண்ணின் அப்பா வந்தார். கையில் கடப்பாரை. நான் ஓடவில்லை. தலைக்கு ஓங்கினார். இடது கையைத் தூக்கித் தடுத்தேன். எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. மண்டி போட்டு விழுந்தேன். இரண்டாவது தடவை ஓங்கினார். ஓங்கிய கடப்பாரை அப்படியே நின்றது. அவர் கண் எனக்குப் பின்னால், நொறுங்கிக் கிடந்த பெஞ்சுகளின் மேல் இருந்தது.

கடப்பாரையை எறிந்துவிட்டு இடிபாட்டுக்குள் பாய்ந்தார். அத்தாப்பு ஓலைகளைப் பிய்த்துப் பிய்த்து எறிந்தார். ஆணி கிழித்துக் கையெல்லாம் ரத்தம். "அம்மாடி, அம்மாடி" என்று கூப்பிட்டுக்கொண்டே தோண்டினார். மகளை அவர் அப்படித்தான் கூப்பிடுவார். அவருடைய மகன் தன் அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றான். நான்கு பேர் சேர்ந்துதான் அவரை வெளியே இழுக்க முடிந்தது.

ஆஸ்பத்திரியில் என் கையைச் சேர்த்துக் கட்டினார்கள். சரியாகச் சேரவில்லை, இன்றும் முழுதாக நீட்ட வராது. வேலை போய்விட்டது என்று ஆள் விட்டுச் சொல்லியனுப்பினான் மண்டோர். நான் ஊர்வம்பு எதுவும் விசாரிக்கவில்லை. பிள்ளைகள் எங்கே உட்காருகிறார்கள் என்று மட்டும் தெரிந்துகொள்ள ஆசையாக இருந்தது.

ஒருநாள் அவரே வந்தார். கட்டில் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். மன்னிப்புக் கேட்கவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை. "புதுக் கொட்டா போட்டுட்டோம் வாத்தியாரே" என்றார். "மண்டோர கிட்ட சேக்கல. பாலத்து ஆளுங்களே போட்டோம். தூண மண்ணுல பொதச்சிருக்கு. தூணுக்குத் தூணு ஒத்தக் கட்டயா சாய்ச்சு அடிச்சிருக்கோம். ஒண்ண ஒண்ணு வெட்டல. குறுக்குன்னு சொல்றதில்ல, சாய்வுக் கட்டன்னு சொல்லிக்கிறோம்."

"அது போதும் அண்ணே" என்றேன். "அதுவே முக்கோணம்தான். நிக்கும்."

"எம் பய அதுக்குள்ளதான் உக்காந்து படிக்கிறான்."

"பயமில்லாம அனுப்புங்க."

தலையாட்டினார். சந்தோஷமாக இருந்தது எனக்கு. முறிந்த கையின் வலிகூடக் குறைந்த மாதிரி இருந்தது. நான் ஜெயித்துவிட்டேன் என்றே அந்த நிமிஷத்தில் நினைத்தேன்.

அவர் எழுந்திருக்கவில்லை. கட்டில் காலைப் பிடித்தபடி என் முகத்தைப் பார்த்தார்.

"அந்தக் கட்ட புள்ளைங்களக் காப்பாத்த வச்சது, எம் மவ போனதுக்கு அது காரணமில்லன்னு நீ காட்டிப்புட்ட. எனக்கு அது புரிஞ்சிருச்சு" என்றார். "அது காரணம்னு நெனச்சிக்கிட்டு இருந்த வரைக்கும் எனக்கு அடிக்கவும் ஒடைக்கவும் ஒண்ணு இருந்துச்சு. இப்ப சொல்லு வாத்தியாரே. எம் மவள எது கொண்டுபோச்சு?"

"காய்ச்சல் அண்ணே."

"காய்ச்ச எல்லா வூட்டுலயும்தான் வந்துச்சு. எல்லாப் புள்ளையும் எந்திரிச்சுச்சு. அவ மட்டும் ஏன் எந்திரிக்கல?"

அவர் கோபமாகக் கேட்கவில்லை. கோபமாகக் கேட்டிருந்தால் நானும் கோபமாக எதையாவது சொல்லித் தப்பித்திருப்பேன். எனக்குத் தெரிந்திருக்கும் என்று நம்பித்தான் கேட்டார், வகுப்பில் பிள்ளைகள் கேட்பது போல. பார்க்க வந்தவர்களைப் போகச் சொல்லி மணி அடிக்கும்வரை அவர் தரையிலேயே உட்கார்ந்து என் பதிலுக்காகக் காத்திருந்தார்.